தொடும் கை மூளைக்கு என்ன சொல்கிறது?

“கூன் போடாதே, நிமிர்ந்து உட்காரு!”

வீட்டுப்பாடம் எழுதும் எந்தப் பிள்ளையும் இந்த அதட்டலுக்குத் தப்பியதில்லை. கேட்டதும் என்ன செய்கிறோம்? நெஞ்சை முன்னே தள்ளுகிறோம். தோள்களைப் பின்னால் இழுக்கிறோம். சிலர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடம் அப்படியே போகும். கணக்கில் மனம் ஊன்றியதும் முதுகு பழையபடி வளைந்துவிடும். உடனே அடுத்த அதட்டல் வரும்.

தம்பி, தங்கைகளே, இதில் உங்கள் மேல் தப்பில்லை. சொன்னவர் மேலும் தப்பில்லை. சொல்லால் மட்டும் உடலைத் திருத்துவது கடினம் என்பதற்கு அறிவியலில் நல்ல காரணம் இருக்கிறது. சொல் தோற்ற இடத்தில் ஒரு கையின் மெல்லிய தொடுகை ஜெயிக்கலாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டையும் இன்று பார்ப்போம். நடுநடுவே சில சோதனைகள் வரும். வெறுமனே படித்துத் தாண்டாமல் செய்து பாருங்கள்.

முதல் சோதனை: கோத்த விரல்கள்

இரண்டு கைவிரல்களையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டைவிரல் மேலே இருக்கிறது? சிலருக்கு வலது, சிலருக்கு இடது. இப்போது கைகளைப் பிரித்து, ஒவ்வொரு விரலையும் ஓரிடம் தள்ளி, மற்றக் கட்டைவிரல் மேலே வரும்படி கோத்துப் பாருங்கள்.

எப்படி இருக்கிறது? யாரோ வேறொருவர் கையைப் பிடித்திருப்பதுபோல ஒரு சங்கடம், இல்லையா? இரண்டாவது முறை கோத்ததில் எந்தத் தவறும் கிடையாது. முதல் முறை எவ்வளவு சரியோ, அதே அளவு இதுவும் சரி. ஆனாலும் உங்கள் உடல் “இது தப்பு” என்று முறையிடுகிறது. பழகியது எதுவோ அதையே உடல் ‘சரி’ என்று எடுத்துக்கொள்கிறது. பழகாதது சரியாகவே இருந்தாலும் அதற்குத் தப்பாகப் படுகிறது.

நிமிர்ந்து உட்காரும் சிக்கல் முழுவதும் இந்தச் சின்னச் சோதனைக்குள் அடங்கியிருக்கிறது.

ஐந்துக்கு அப்பால் ஒரு புலன்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐம்புலன்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியை விரலால் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள் அல்லவா? பார்க்காமலே கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று எது சொன்னது?

நம் தசைகளுக்குள் மிகச் சிறிய உணர்விகள் இருக்கின்றன. தசைக்கதிர்கள் என்று அவற்றுக்குப் பெயர். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற செய்தியை அவை நரம்புகள் வழியாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஓயாமல் அனுப்புகின்றன. மூட்டுகளிலும் தசைநாண்களிலும் வேறு உணர்விகள் உண்டு. இந்தச் செய்திகளையெல்லாம் கோத்து, உடலின் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று மூளை கணக்கிட்டுக்கொள்கிறது. இதைத்தான் புரோப்ரியோசெப்ஷன் என்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-ல் வைத்த பெயர் அது. நரம்புகளைப் பற்றிய ஆய்வுக்காக 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் இங்கே இதை ‘நிலை உணர்வு’ என்று சொல்லிக்கொள்வோம்.

இந்த உணர்விகள் எங்கே மிக நெருக்கமாக இருக்கின்றன தெரியுமா? கழுத்தின் உச்சியில், மண்டையோட்டின் அடியோரம் ஒட்டியிருக்கும் குட்டித் தசைகளில். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற செய்தி மூளைக்கு அவ்வளவு முக்கியம்.

ஆனால் இந்தப் புலனையும் ஏமாற்ற முடியும். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லாக்னர் 1988-ல் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு தன் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய மேல்கைத் தசையின் நாண் மீது, விநாடிக்கு ஏறக்குறைய 100 முறை அதிரும் கருவியை வைப்பார்கள். அந்த அதிர்வால் உணர்விகள் குழம்பி, “தசை நீள்கிறது, முழங்கை விரிகிறது” என்று மூளைக்குத் தவறான செய்தி அனுப்பும். கை முகத்தை விட்டு விலகிப் போகிறது, ஆனால் விரல்களோ இன்னும் மூக்கைப் பிடித்திருக்கின்றன. மூளை என்ன முடிவு செய்யும்? மூக்கு நீண்டுவிட்டது என்றே முடிவு செய்துவிடும்! பலருக்கு அப்படித்தான் தோன்றியது. பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை பினோக்கியோவின் பெயரையே இந்த மாயைக்கு வைத்துவிட்டார்கள்.

அதிர்வுக் கருவி இல்லாமலே, வெறும் பழக்கத்தாலும் இந்தப் புலன் ஏமாறும். அதைத் தன் உடம்பிலேயே கண்டுபிடித்த ஒருவரின் கதை இனி வருகிறது.

கண்ணாடி முன் நின்ற நடிகர்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்ற தீவு இருக்கிறது. அங்கே 1869-ல் பிறந்தவர் ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் வசனங்களை மேடையில் தனியாக நின்று உணர்ச்சியோடு சொல்லிக்காட்டுவது அவர் தொழில். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசை வரை சொந்தக் குரல்தான் எட்ட வேண்டும்.

அவருக்கு ஒரு தொல்லை வந்தது. மேடையேறினால் குரல் கம்மிப்போகும். மருத்துவர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தார், குரல் தெளிந்தது. அடுத்த நிகழ்ச்சியில் பாதியிலேயே மறுபடி கம்மியது. அப்போதுதான் அவர் மருத்துவரிடம் அந்த அருமையான கேள்வியைக் கேட்டார்: ஏறும்போது நன்றாக இருந்த குரல் பேசப் பேசக் கெடுகிறது என்றால், பேசும்போது நான் ஏதோ செய்து அதைக் கெடுக்கிறேன், அப்படித்தானே? மருத்துவர் ஆமாம் என்றார். என்ன செய்கிறேன் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று அலெக்சாண்டர் நிலைக்கண்ணாடி முன் போய் நின்றார். சாதாரணமாகப் பேசிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மேடையில் சொல்வதுபோல வசனம் சொன்னார். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். குரல்வளையைக் கீழே அழுத்துகிறார். வாயால் சத்தத்தோடு மூச்சை உறிஞ்சுகிறார். மறுபடியும் சாதாரணமாகப் பேசி, இந்த முறை கூர்ந்து கவனித்தார். அதே மூன்றும் அங்கேயும் இருந்தன. அளவுதான் குறைவு.

காரணம் தெரிந்துவிட்டது, இனித் தலையைப் பின்னால் இழுக்காமல் முன்னால் வைத்தால் போதும் என்று நினைத்தார். செய்தார். செய்வதாக உணரவும் உணர்ந்தார். ஆனால் குரல் எதிர்பார்த்த அளவு தேறவில்லை. சந்தேகம் வந்தது. பக்கவாட்டில் இன்னும் இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். திகைத்துப்போனார். தலையை முன்னால் வைத்திருப்பதாக அவர் உறுதியாக உணர்ந்த அதே நொடியில், அவர் தலை பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது!

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கடைத் தராசில் எடை எதுவும் வைக்காதபோதே முள் ஓரமாக விலகி நின்றால், அதில் நிறுத்த எந்தப் பொருளின் எடையும் சரியாக இருக்காது. கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. அலெக்சாண்டரின் நிலை உணர்வும் அப்படித்தான் ஆகியிருந்தது. பல வருடம் பழகிய தவறான நிலை அவர் உடலுக்குப் ‘பூஜ்யம்’ ஆகிவிட்டது. அதிலிருந்து கணக்கிட்டால் நேரான தலையும் கோணலாகத்தான் தெரியும்.

அவர் விட்டுவிடவில்லை. வசனத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்த மாத்திரத்திலேயே கழுத்து இறுகுவதைக் கவனித்தார். அதனால் புது வழி ஒன்றைக் கைக்கொண்டார். பேச நினைத்ததும் பேசுவதில்லை, ஒரு நொடி நிற்பது. கழுத்தை விடு, தலை முன்னோக்கி மேலே போகட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது. அதன் பிறகு பேசலாம், அல்லது பேசாமல் கையை மட்டும் தூக்கலாம், அல்லது ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். இப்படிப் பொறுமையாகப் பழகப் பழகக் குரல் சரியாயிற்று. இந்தத் தேடல் முழுவதையும் 1932-ல் வெளிவந்த தம் புத்தகம் ஒன்றில் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார்.

இவர் விஞ்ஞானி இல்லை. ஆனால் செய்த வேலை அறிவியல் வேலை. கேள்வி கேட்டார், கவனித்தார், ஊகித்தார், ஊகத்தைச் சோதித்தார். சோதனை பொய்த்தபோது தன் உணர்வையே சந்தேகித்து இன்னும் இரண்டு கண்ணாடி வைத்தார். அந்தச் சந்தேகம்தான் அவருக்கு வழி திறந்தது.

கை எதற்கு வந்தது?

அலெக்சாண்டர் 1904-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். நடிகர்களும் எழுத்தாளர்களும் அவரிடம் பாடம் கற்க வந்தார்கள். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா, எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்தான்.

சொல்லிக் கொடுக்கும்போது பழைய சிக்கல் மறுபடி வந்தது. “கழுத்தை இறுக்காதீர்கள்” என்றால் மாணவர் “இறுக்கவில்லையே” என்பார். அவருக்கு அப்படித்தான் தோன்றும். அவருடைய ‘பூஜ்யமும்’ விலகித்தானே இருக்கிறது! வாயால் சொன்ன பாடம், தவறாக எடை காட்டும் அந்தப் புலன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதனால் அலெக்சாண்டர் கையைப் பயன்படுத்தத் தொடங்கினார். மாணவரின் கழுத்திலும் தலையிலும் முதுகிலும் மெல்லக் கையை வைத்து, இறுக்கம் எங்கே தொடங்குகிறது என்று காட்டினார். இறுக்கமில்லாத அசைவு எப்படி இருக்கும் என்பதை மாணவர் உடலே நேரடியாக உணரும்படி செய்தார். இதுதான் இன்று அலெக்சாண்டர் டெக்னிக் என்று அழைக்கப்படுகிறது. இதைக் கற்பிக்க விரும்புவோர் பொதுவாக மூன்று வருடம் பயிற்சி பெறுகிறார்கள். அப்படி ஒரு பயிற்சி வகுப்பை அவரே 1931-ல் தொடங்கிவைத்தார்.

ஒரு பாடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போமா? அறையில் ஒரு சாதாரண நாற்காலி. மாணவர் உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் பக்கத்தில் நின்று, மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தில் விரல்களை வைக்கிறார். அழுத்தவில்லை, தள்ளவில்லை. “எழுந்திருக்கலாம்” என்கிறார். மாணவர் இன்னும் எழவில்லை. எழ நினைத்தார், அவ்வளவுதான். அதற்குள் கழுத்தின் பின்புறத் தசை விறைத்து மோவாய் மேலே கிளம்பிவிட்டது. ஆசிரியர் விரல்களுக்கு அது தெரிகிறது. “இப்போது எழ வேண்டாம்” என்கிறார். விரல் அங்கேயே இருக்க, மாணவர் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. “எழுந்திருக்கலாம்.” மறுபடி விறைப்பு, மறுபடி நிறுத்தம். இப்படிச் சில முறை போனபின், ஒரு முறை கழுத்து விறைக்காமலே உடல் முன்னே சாய்ந்து, கால்கள் நீண்டு, மாணவர் எழுந்து நிற்கிறார். “நான் எழவே இல்லை போலிருக்கிறதே!” என்று வியப்பவர்கள் உண்டு.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் பியர்ஸ் ஜோன்ஸ் என்பவர் இப்படி எழும் அசைவுகளைத் தொடர் படங்களாகப் பிடித்து ஆராய்ந்தார். வழக்கம்போல எழும்போது தலை நகரும் பாதை ஒரு விதமாகவும், கையின் வழிகாட்டலோடு எழும்போது வேறு விதமாகவும் இருப்பதைப் படங்கள் காட்டின.

இரண்டாவது சோதனை: நாற்காலி

நாற்காலியில் உட்காருங்கள். ஒரு கையைக் கழுத்தின் பின்பக்கம், தலைமுடி தொடங்கும் இடத்தில் மெல்ல வையுங்கள். இனி வழக்கம்போல எழுந்திருங்கள். விரலுக்கடியில் என்ன நடந்தது? பலருக்குத் தசை திரண்டு, தலையின் பின்புறம் கழுத்தை நோக்கி அழுந்துவது தெரியும்.

தலை பின்னால் சாய்ந்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு பெரியவரின் தலை 4.5 முதல் 5 கிலோ வரை எடை கொண்டது. அந்த எடை, ஏழு கழுத்து முள்ளெலும்புகளின் உச்சியில், இரண்டு காதுகளுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் மூட்டின்மேல் அமர்ந்திருக்கிறது. (ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் அதே ஏழு எலும்புகள்தான்!) தலையின் எடை அந்த மூட்டுக்குச் சற்று முன்பக்கம் கூடுதலாக விழுகிறது. அதனால்தான் வகுப்பில் தூங்கி வழிபவர் தலை முன்னால் தொங்குகிறது. அது விழாமல் பின்கழுத்துத் தசைகள் எந்நேரமும் லேசாக வேலை செய்கின்றன. தேவையான அளவு வேலை செய்தால் நல்லது. தேவைக்கு மேல் இறுகினால் அதே தசைகள் தலையைக் கீழ்நோக்கி முதுகெலும்பின்மேல் அமுக்கத் தொடங்கும்.

அதட்டலுக்குப் பயந்து நிமிர்வது நிலைக்காததற்கும் காரணம் தசைகளில்தான் இருக்கிறது. களைப்பில்லாமல் நெடுநேரம் மெல்ல வேலை செய்யும் இழைகள் தசைகளில் உண்டு. சட்டென்று வலுவாகச் சுருங்கி விரைவில் களைக்கும் இழைகளும் உண்டு. உடலை நிறுத்திவைக்கும் தசைகளில் முதல் வகைக்குத்தான் பெரும்பங்கு. கெண்டைக்காலின் உட்தசை அதற்கு நல்ல உதாரணம். நாமோ நெஞ்சைத் தள்ளித் தோளை இழுக்கும்போது, தேவையில்லாத தசைகளையெல்லாம் முழுவேகத்தில் வேலை வாங்குகிறோம். அவை சீக்கிரமே களைத்துக் கைவிடுகின்றன.

அழுத்தும் கை

உடலை நேராக்கக் கையைப் பயன்படுத்திய இன்னொருவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐடா ரால்ஃப் 1896-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பெண்கள் ஆராய்ச்சிக்கு வருவதே அரிதாக இருந்த காலத்தில், 1920-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்திலும் பணியாற்றினார்.

அவருடைய கவனம் தசைகளைச் சுற்றியிருக்கும் உறைமேல் விழுந்தது. நம் ஒவ்வொரு தசையையும் வெண்மையான மெல்லிய இணைப்புத்திசு ஒன்று போர்த்தியிருக்கிறது. தலை முதல் கால் வரை அது தொடர்ச்சியாகப் பரவியிருக்கிறது. ஃபேசியா என்பது அதன் பெயர். தவறான நிலையில் நாளெல்லாம் இருந்தால் இந்த உறை சுருங்கி இறுகிவிடுகிறது, கையாலும் முழங்கையாலும் நிதானமாக அழுத்தி இழுத்தால் அது மறுபடி இளகும் என்று ஐடா ரால்ஃப் கருதினார். தலை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்தால், புவியீர்ப்பு விசை உடலுக்குச் சுமையாகாமல் துணையாகும் என்பது அவர் கொள்கை. பத்து அமர்வுகளில் உடல் முழுவதையும் சீராக்கும் முறை ஒன்றை வகுத்தார். அதற்கு ரால்ஃபிங் என்று பெயர் வந்தது. 1971-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் அதற்கென ஒரு கல்வி நிலையம் உருவானது. 1979-ல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். கையால் அழுத்தினால் அந்த உறை உண்மையிலேயே உருமாறுமா? 2008-ல் வெளியான ஒரு கணித ஆய்வு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. உள்ளங்காலிலும் தொடையின் வெளிப்பக்கத்திலும் உள்ள ஃபேசியா மிகவும் உறுதியானது. அதை நூற்றில் ஒரு பங்கு அமுக்குவதற்குக்கூட மனிதக் கையால் கொடுக்க முடியாத அளவு பெரிய விசை தேவை என்று கணக்கு சொன்னது. மூக்கில் உள்ள மென்மையான ஃபேசியா மட்டும் கைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அப்படியானால் ரால்ஃபிங் செய்துகொண்டு உடல் லேசானதாகச் சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. விளக்கம் வேறாக இருக்கலாம். ஃபேசியாவிலும் தோலிலும் தொடுகையையும் இழுவிசையையும் உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. கை அங்கே படும்போது அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளையை மாற்றிக்கொள்கிறது. உறை இளகாமலே தசை தளரலாம். அழுத்தும் கையும் ஒருவேளை செய்தி சொல்லும் கைதான் என்று ஆய்வாளர்கள் பலர் எண்ணுகிறார்கள்.

மூன்றாவது சோதனை: ஒரு விரல் போதும்

செய்தி மட்டும் உடலை நிறுத்துமா? இதோ, நீங்களே பார்க்கலாம். சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து, ஒரே கோட்டில் நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். உடல் இப்படியும் அப்படியும் ஆடுகிறதா? இப்போது ஆட்காட்டி விரலால் சுவரைத் தொடுங்கள். ஊன்ற வேண்டாம், பட்டும் படாமலும் தொட்டால் போதும். ஆட்டம் சட்டென்று அடங்கும்.

மூக்கு நீளும் சோதனையைச் செய்த அதே லாக்னர், ஜான் ஜெக்கா என்பவரோடு சேர்ந்து 1994-ல் இதை அளந்து வெளியிட்டார். விரல் கொடுத்த அழுத்தம் 100 கிராம் எடைக்கும் குறைவுதான். அது ஒரு மனிதரைத் தாங்கிப்பிடிக்கவே போதாது. ஆனாலும் ஆட்டம் குறைந்தது. விரல்நுனியில் கிடைத்த செய்தியைக் கொண்டு, “இந்தப் பக்கம் சாய்கிறோம்” என்று மூளை முன்கூட்டியே அறிந்து கால் தசைகளைச் சரிசெய்துகொண்டது.

உடலைத் திருத்தும் கை என்கிறோமே, அந்தக் கையின் உண்மையான பலம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது நம்மை இழுத்து வளைத்து நிமிர்த்துவதில்லை. நமக்கே தெரியாமல் போன ஒரு செய்தியை மூளைக்கு எட்டவைக்கிறது. நிமிர்வது மூளையும் தசைகளும் சேர்ந்து செய்யும் வேலை.

நன்றாக இருக்கிறது என்பது போதுமா?

அலெக்சாண்டரின் பாடத்தைப் புகழ்ந்தவர்களில் ஒருவர் நிக்கோ டின்பெர்கன். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர். மீன்களையும் கடற்பறவைகளையும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தவர். கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகியோரோடு 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு பெற்றவர்கள் ஆற்றும் உரையில் அவர் ஒரு பெரிய பகுதியை அலெக்சாண்டருக்கே ஒதுக்கினார். அவரும் மனைவியும் மகளும் அந்தப் பாடத்தைக் கற்றிருந்தார்கள். தூக்கமும் மூச்சும் மேம்பட்டதாக அவர் சொன்னார்.

நோபல் பரிசு பெற்றவரே சொல்லிவிட்டார், இனி என்ன சந்தேகம் என்று தோன்றுகிறதா? அங்கேதான் கவனம் வேண்டும். யார் சொன்னாலும் ஒரு குடும்பத்தின் அனுபவம் சான்றாகிவிடாது. பலரிடம் சோதித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட சோதனை இங்கிலாந்தில் நடந்து, 2008-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. நாள்பட்ட முதுகுவலி உள்ள 579 பேர் சேர்ந்தார்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஒரு குழுவுக்கு மசாஜ். இன்னொன்றுக்கு ஆறு அலெக்சாண்டர் பாடங்கள். மற்றொன்றுக்கு 24 பாடங்கள். ஒரு வருடம் கழித்து, கடந்த நான்கு வாரங்களில் எத்தனை நாள் வலித்தது என்று கேட்டார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களுக்கு 21 நாள். அதோடு ஒப்பிட்டால் மசாஜ் குழுவில் 7 நாளும், ஆறு பாடம் படித்தவர்களிடம் 10 நாளும், 24 பாடம் படித்தவர்களிடம் 18 நாளும் குறைந்திருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில், மசாஜின் பலன் வருட முடிவில் மங்கிவிட்டது. பாடங்களின் பலன் நின்றது.

எண்களைப் பாருங்கள். மசாஜிலும் கை தொடுகிறது, பாடத்திலும் கை தொடுகிறது. பாடத்தில் மட்டும், கை விலகிய பிறகும் மாணவர் தன்னைத் தானே கவனிக்கக் கற்றுக்கொள்கிறார். வித்தியாசம் அங்கே இருக்கலாம். இந்தச் சோதனைக்கும் வரம்பு உண்டு. தாங்கள் எந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரியும், அந்த எதிர்பார்ப்பே பதிலைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம். முதுகுவலிக்குப் பலன் தெரிந்தது என்பதால் எல்லா நோயும் இதில் தீரும் என்று சொல்லவும் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியவை

பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சிலவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் பதியுங்கள். தலைக்கடியில் இரண்டு மூன்று புத்தகங்களை வையுங்கள். முகம் பின்னால் சாயாமலும், மோவாய் தொண்டையில் இடிக்காமலும் இருக்கும் உயரம்தான் உங்கள் அளவு. கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கண் திறந்து சும்மா இருங்கள். பள்ளிப் பையைச் சுமந்துவந்த முதுகுக்கு இது நல்ல ஓய்வு.

எழுதும்போதும் செல்போன் பார்க்கும்போதும் ஒரே நிலையில் உறைந்துவிடாதீர்கள். அசையாமல் விறைப்பாக இருப்பது நிமிர்வு ஆகாது. அவ்வப்போது எழுந்து நடங்கள். நிமிர நினைத்தால் உடனே இழுத்துப் பிடிக்காமல் ஒரு நொடி நின்று, முதலில் கழுத்தைத் தளரவிடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. முடி வெட்டும் இடத்திலோ விளையாட்டாகவோ யாரையும் உங்கள் கழுத்தைத் திருகி நெட்டி எடுக்க விடாதீர்கள். கழுத்து முள்ளெலும்புகளில் மேல் ஆறிலும் பக்கவாட்டில் துளைகள் உள்ளன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அவற்றின் வழியாகத்தான் ஏறுகின்றன. சட்டென்று திருகினால் அவை கிழிந்து பேராபத்து நேரலாம். முதுகு ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்தாலோ, வலி தொடர்ந்து இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் உடலைத் தொட்டுச் சொல்லித்தருபவர் யாராக இருந்தாலும், அம்மா அப்பாவுக்குத் தெரிந்து, அவர்கள் முன்னிலையில், உங்கள் சம்மதத்தோடுதான் தொட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் “வேண்டாம்” என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் உடனே கையை எடுத்துவிடுவார்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு, தோள் இரண்டும் சம உயரத்தில், தலை நேராக இருப்பதாகத் தோன்றும்படி நில்லுங்கள். அப்படியே நண்பரை உங்களை முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் உணர்ந்ததை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகு படத்தைப் பார்த்து, தெரிவதையும் பக்கத்தில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை இப்படிச் செய்துவாருங்கள். உணர்ந்ததும் படம் காட்டுவதும் ஒத்துப்போகாத இடங்கள் கட்டாயம் சில இருக்கும். உங்கள் உடலைப் பற்றி நீங்கள் செய்யும் சொந்த ஆராய்ச்சி அந்த இடங்களிலிருந்துதான் தொடங்கும்.